முதல் வரியில் ஒரு பெயர்

1998-ஆம் ஆண்டு ஆடி மாதம். திருப்பூரில் ஒரு பனியன் ஏற்றுமதி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் நான் சேர்ந்து ஏழு மாதம் ஆகியிருந்தது. பிரிவு என்றால் இரண்டே பேர். கீழ்த்தளத்தில், வரவேற்பறைக்குப் பின்னால் கண்ணாடித் தடுப்புக்குள் நான். மேல்மாடியில், தந்திபோலச் செய்தி அனுப்பும் பழைய டெலக்ஸ் இயந்திரம் இருந்த அறையில் இன்னொருவர். நடுவே பதினெட்டுப் படிகள்.

அதற்கு முன் மதுரையில் ஓர் ஆங்கிலச் செய்தித்தாளில் மூன்று ஆண்டுகள் பிழை திருத்தும் வேலை பார்த்தேன். பக்கம் வடிவமைக்கும் கணினிகளோடு அங்கே பழகி, பிறகு அதையே பிழைப்பாக்கிக்கொண்டேன். திருப்பூரில் எனக்கு உறவு என்று யாரும் இல்லை. பெண்கள் விடுதியில் ஓர் அறை. மற்ற நாட்களில் தையல் இயந்திரங்களின் இரைச்சலில் பொழுது போய்விடும். ஞாயிற்றுக்கிழமை ஊரே வாயை மூடிக்கொள்ளும். அன்று காலையிலிருந்து மாலை வரை நான் ஒரு சொல்கூடப் பேசாமல் இருந்த வாரங்கள் உண்டு.

யாரும் என்னை மரியாதைக் குறைவாக நடத்தவில்லை. கொங்கு நாட்டில் அதற்கு வாய்ப்பே இல்லை. முதலாளி முதல் பேக்கிங் பெண்கள் வரை எல்லாருக்கும் நான் ‘அம்முணி’. சாப்பிட்டீங்களா அம்முணி, கரண்ட்டு வந்துருச்சுங்களா அம்முணி. அந்த ஏழு மாதத்தில் பெயர் சொல்லி என்னை அழைத்தவர் ஒருவரும் இல்லை. வீட்டிலிருந்து வரும் கடித உறையில் பார்ப்பதோடு சரி.

மேல்மாடிக்காரரை எல்லாரும் ‘பாய்’ என்றார்கள். நாற்பது வயதைத் தாண்டியவர். டெலக்ஸ் இயக்கியவர். டெலக்ஸ் வழக்கொழிந்ததும் புத்தகம் வாங்கித் தானாகவே லினக்ஸ் கணினியை இயக்கக் கற்றுக்கொண்டவர். தாராபுரத்திலிருந்து காலை முதல் பேருந்தில் வருவார். சட்டைப் பையில் பேனா அளவுக்கு ஒரு டார்ச் இருக்கும். கழற்றிய கம்பியை எட்டு வடிவில் சுற்றி, நூல் கட்டித்தான் வைப்பார். சாப்பாடு மூன்றடுக்குத் தூக்கில். வெள்ளிக்கிழமை நண்பகலில் தொழுகைக்குப் போய், இரண்டு மணிக்குத் திரும்பி வருவார். இவ்வளவையும் கவனித்திருந்தேன். அவரோடு உட்கார்ந்து பேசியதில்லை. ஏதாவது தேவையென்றால் துண்டுச்சீட்டில் ‘மேல்மாடிக்கு’ என்று எழுதிப் படிக்கட்டுக் கைப்பிடியில் இருந்த கிளிப்பில் செருகுவேன். ‘கீழ்த்தளத்துக்கு’ என்று பதில் வரும்.

அவர் பொறுப்பில் இருந்த கணினிக்கு ஒரே வேலை. இணையத்தில் கணினிகள் ஒன்றையொன்று எண்ணால்தான் அறியும். மனிதர்களுக்குப் பெயர்தான் நினைவில் நிற்கும். பெயரைச் சொன்னால் எண்ணைத் தேடித் தருவது, சர்வர் என்று நாங்கள் சொல்லும் அவருடைய கணினி. என் கணினியிலிருந்து எந்த அஞ்சல் வெளியே போவதானாலும் முதலில் அதைக் கேட்டாக வேண்டும்.

ஒரு வெள்ளிக்கிழமை, புதிதாக வாங்கிய ஒரு ரவுட்டர் பெட்டியை எங்கள் இணைப்பில் சேர்க்க வேண்டியிருந்தது. அந்தப் பெட்டிக்கு மேல்மாடிக் கணினியின் எண்தான் தேவைப்பட்டது. அவர் தொழுகைக்குப் போயிருந்தார். கடவுச்சொல் எனக்கும் தெரியும். மேலே போய் அவருடைய கணினிக்கு வேறு எண் கொடுத்து, அணைத்து மறுபடி இயக்கிவிட்டு வந்து, என் கணினியிலும் அந்தப் புது எண்ணைப் பதிந்தேன். அது ஐந்து நிமிட வேலை. அவருக்குத் தெரிவிக்க ஒரு சீட்டும் எழுதினேன். அதற்குள் யாரோ கூப்பிட்டார்கள்.

மறுநாள் சனிக்கிழமை காலை பத்து மணி. ஜெர்மனிக்காரர் ஒருவருக்கு அளவுப் பட்டியல் அனுப்ப வேண்டும். இனி எல்லாம் மின்னஞ்சலில்தான், புது முகவரி இது என்று அவரிடமிருந்து முந்தைய நாள் ஃபேக்ஸ் வந்திருந்தது. பட்டியல் போய்ச் சேர்ந்து அவர் சரியென்றால்தான் துணியில் கத்தரி வைக்க முடியும். அவருடைய ஏஜென்ட் சென்னையிலிருந்து வந்து முதலாளியின் அறையில் உட்கார்ந்திருந்தார். அஞ்சலை அனுப்பினேன். அப்படி ஒரு பெயரே இல்லை என்று திரும்பி வந்தது. மறுபடி அனுப்பினேன். மறுபடி வந்தது.

பெயரைத் தேடிப் பார்க்க என்எஸ்லுக்கப் என்றொரு கருவி உண்டு. அதை இயக்கினேன். நான் கேள்வி கேட்கும் முன்பே அது நின்றுவிட்டது. இந்த எண்ணில் உள்ள சர்வரின் பெயர் தெரியவில்லை, சர்வர் எதுவும் கிடைக்கவில்லை என்று இரண்டு வரி மட்டும் திரையில். நான் இரண்டாவது வரியைப் படித்தேன். முதல் வரியை ஒழுங்காகப் படிக்கவில்லை.

முதலாளி வந்து என் பின்னால் நின்றார்.

“என்னங்க அம்முணி, போச்சுங்களா?”

“இல்ல சார். மேல இருக்கிற கம்ப்யூட்டர் செத்துப்போச்சு.”

அந்தச் சொல்லை அவ்வளவு உறுதியாகச் சொன்னேன். ஏஜென்ட் எட்டிப் பார்த்தார். முதலாளிக்கு முகம் சிவந்துவிட்டது. அந்த மாதத்தில் மின்வெட்டால் மேல்மாடிக் கணினி இரண்டு முறை நின்றுபோயிருந்தது. கணினிக்கு எதற்கு இரண்டு ஆள் என்று மேனேஜர் வேறு ஓதிக்கொண்டிருந்தார். “பாயக் கூப்புடுங்க” என்றார் முதலாளி.

பாய் இறங்கி வந்தார். “ஓடிட்டுத்தானுங்க இருக்குது. இப்பத்தான் பார்த்தேன்” என்றார் மெதுவாக.

“அந்த அம்முணி எழுத்துலயே காட்டுது. நீங்க ஓடுதுன்னா எப்புடிங்க?”

அவர் என் திரையைப் பார்க்கக் குனிந்தார். முதலாளி விடவில்லை. “வேண்டாமுங்க பாய். திங்கக்கிழம கோயமுத்தூர்ல இருந்து வேற ஆள வரச் சொல்லிக்கறேன். நீங்க ஊட்டுக்குப் போங்க. வாரக்கூலிய மேனேஜர் குடுத்து உட்ருவாரு.”

கோபத்திலும் ‘ங்க’ குறையவில்லை. அதனாலேயே அது முடிவான பேச்சு என்று புரிந்தது. பாய் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. ஏதோ ஒரு கணக்கு எங்கே தப்பியது என்று தேடும் பார்வை. பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு போய்விட்டார். மேலே ஏறவேயில்லை.

நான் மேலே போனேன். செத்துப்போன கணினியை எழுப்ப வேண்டுமே. அது ஓடிக்கொண்டிருந்தது. கேட்ட பெயருக்கெல்லாம் எண் கொடுத்தது. கீழே வந்து, ‘டிக்’ என்ற வேறொரு கருவியால் அதே கணினியைக் கேட்டேன். பளிச்சென்று பதில். என்எஸ்லுக்கப்பைத் தொட்டால் மட்டும் மறுபடி அதே இரண்டு வரி.

முதல் வரியை அப்போதுதான் படித்தேன். அந்தக் கருவிக்கு ஒரு பழக்கம். எதையும் கேட்பதற்கு முன், தான் யாரைக் கேட்கப் போகிறோம் என்று பார்க்கும். எண்ணைக் கொடுத்து, இது யார், பெயர் என்ன என்று விசாரிக்கும். பெயர் கிடைக்கவில்லையென்றால் கேள்வியே கேட்காமல் விலகிக்கொள்ளும். மேல்மாடிக் கணினியில் எண்ணிலிருந்து பெயர் காணும் பட்டியல் ஒன்று இருந்தது. டிக்கைக் கொண்டு கேட்டதில் பழைய எண்ணுக்குப் பெயர் கிடைத்தது. நான் வெள்ளிக்கிழமை கொடுத்த புது எண்ணுக்கு இல்லை. அவருக்குத் தெரிந்தால்தானே எழுதுவார்? என் குறிப்பேட்டைப் புரட்டினேன். ‘மேல்மாடிக்கு’ என்று நான் எழுதிய சீட்டு இரண்டாக மடித்தபடி அதற்குள்ளேயே இருந்தது.

சரி, அஞ்சல் ஏன் போகவில்லை? ஃபேக்ஸை எடுத்து மறுபடி பார்த்தேன். ஜெர்மன் நிறுவனத்தின் பெயர் நீளமானது. குறுகிய பத்தியில் அடித்திருந்ததால் முகவரி இரண்டு வரியாக உடைந்திருந்தது. முதல் வரியின் கடைசியில் ஒரு சிறு கோடு. செய்தித்தாளில் அப்படிக் கோடு இருந்தால், இடம் போதாமல் சொல் உடைந்திருக்கிறது என்று பொருள். வரிகளைச் சேர்க்கும்போது கோட்டை எடுத்துவிட வேண்டும். மூன்று ஆண்டுகளில் அப்படி ஆயிரக்கணக்கான கோடுகளை எடுத்திருக்கிறேன். இதையும் எடுத்திருந்தேன். ஆனால் இந்தக் கோடு பெயரோடு பிறந்த கோடு.

கோட்டைச் சேர்த்து அனுப்பினேன். போய்விட்டது. மணி பன்னிரண்டு.

முதலாளி ஓடி வந்தார். “போயிருச்சுங்களா! செத்த மிசினுக்கு உசுரு குடுத்துட்டீங்களே அம்முணி!” ஏஜென்ட் சிரித்தார். பேக்கிங்கிலிருந்து இரண்டு பெண்கள் எட்டிப் பார்த்தார்கள். ஏழு மாதத்தில் அத்தனை பேர் என்னைப் பார்த்துச் சிரித்தது அதுதான் முதல்முறை.

நான் தலையாட்டினேன்.

ஒரு சொல் பேசவில்லை. வெறும் தலையாட்டல்தான். இந்த அனுபவத்தில் நான் மறக்க முடியாதது எதுவென்று கேட்டால், அதைத்தான் சொல்வேன்.

மதியம் கேட்டுக்குப் போய், பாயின் பெயர் என்ன என்று வாட்ச்மேனைக் கேட்டேன். அவர் வருகை நோட்டை எடுத்துக் காட்டினார். ‘கம்ப்யூட்டர் பாய்’ என்று ஒரு வரி. அதற்குக் கீழே ‘கம்ப்யூட்டர் அம்முணி’ என்று நான்.

“பேரு எதுக்குங்க? ஆளு தெரிஞ்சாப் போதாதுங்களா?” என்றார் வாட்ச்மேன். பெயர் இருக்கும் காகிதங்களெல்லாம் மேனேஜரின் பீரோவில். அவர் சம்பளம் போட்டுவிட்டுச் சாவியோடு கோவை போய்விட்டார்.

மேல்மாடிச் சுவரில் பென்சிலால் ஒரு தொலைபேசி எண் எழுதியிருந்ததைப் பார்த்திருக்கிறேன். பக்கத்தில் ‘வீடு, பி.பி.’ என்றிருக்கும். அக்கம்பக்கத்து வீட்டுத் தொலைபேசியில் சொல்லி ஆளைக் கூப்பிட்டுப் பேசுவதற்கு அந்தக் காலத்தில் பி.பி. என்று பெயர். எதிரில் இருந்த எஸ்.டி.டி. பூத்திலிருந்து அந்த எண்ணைக் கூப்பிட்டேன். ஒரு பெண்மணி எடுத்தார்.

“யாருங்க வேணும்?”

“திருப்பூர்ல வேலை பார்க்கிறாரே, அவரைக் கொஞ்சம் கூப்பிட முடியுமா?”

“இந்த வீதில பாதிப்பேரு திருப்பூர்லதானுங்க வேல பாக்கறாங்க. பேரச் சொல்லுங்க.”

“பாய்னு சொல்லுவாங்க.”

“எங்க வீதில எல்லாருமே பாய்தானுங்க கண்ணு” என்று அவர் சிரித்தார். பின்னால் இன்னும் யாரோ சிரித்தார்கள்.

நான் விவரித்தேன். நாற்பதுக்கு மேல் வயது, மெலிந்த உடம்பு, மெதுவாகப் பேசுவார், பையில் சின்ன டார்ச். “கூடவே வேல பாக்கறேங்கறீங்க, பேரு தெரியாதுங்கறீங்க. பேரக் கேட்டுட்டுக் கூப்புடுங்க சாமி” என்று வைத்துவிட்டார். கையில் எண் இருந்தது. பெயர் இல்லை. காலையில் என்எஸ்லுக்கப் நின்ற அதே இடத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

திரும்பி மேல்மாடிக்கு ஏறினேன். ஜன்னல் மேடையில் அவருடைய தூக்கு இருந்தது. சாப்பிடாமல் விட்டுப் போயிருந்தார். அதன் மூடியில் ஏதோ பெயர் வெட்டியிருப்பது தெரியும். ஏழு மாதமாகப் பார்த்த பாத்திரம். கண்ணில் பட்ட எழுத்தையெல்லாம் படிக்கும் தொழிலிலிருந்து வந்தவள் நான். அதை ஒரு நாளும் படித்ததில்லை. இப்போது படித்தேன். ஒரு பெண்ணின் பெயர். அவர் மனைவியாக இருக்க வேண்டும்.

மறுபடி பூத். அந்தப் பெயரைச் சொன்னேன்.

“அட, அவ ஊட்டுக்காரருங்களா! அத மொதல்லயே சொல்றதுக்கென்னங்க?” என்று அந்த அம்மாள் அவர் பெயரைச் சொன்னார். முழுப் பெயரையும் முதன்முதலாக அப்போதுதான் கேட்டேன். ஆனால் வீட்டில் யாருமில்லை. உடுமலையில் மச்சான் வீட்டுக்குப் போயிருக்கிறார்கள், இருட்டுவதற்குள் வந்துவிடுவார்கள் என்றார். ஊரார் நடுவே இருக்கும் தொலைபேசியில் சொல்லக்கூடிய செய்தியாகவும் அது இல்லை. வழி மட்டும் கேட்டுக்கொண்டேன்.

முதலாளியிடம் அன்றே சொல்லியிருக்கலாம். அவர் அறை திறந்துதான் இருந்தது. ஏஜென்ட் போகட்டும் என்று காத்திருந்தேன். ஏஜென்ட் போனதும், திங்கட்கிழமை சொல்லலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை தாராபுரம் பேருந்தில் ஏறினேன். தூக்கைக் கழுவித் துடைத்து மடியில் வைத்திருந்தேன். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்பதால் அதில் சர்க்கரை வாங்கிப் போட்டிருந்தேன். அவிநாசிபாளையம் தாண்டியதும் ஆடிக்காற்று பேருந்தைப் பக்கவாட்டில் தள்ளியது. இருபுறமும் காய்ந்த புன்செய்க் காடு. என்ன சொல்ல வேண்டும் என்று வரி வரியாக மனத்தில் எழுதி, எழுதியதை நானே திருத்திக்கொண்டு போனேன்.

ஓட்டு வீடு. கதவு திறந்திருந்தது. அவரே வாசலுக்கு வந்தார். என்னையும் தூக்கையும் பார்த்தார். பிறகு என் பெயரைச் சொல்லி, “உள்ள வாங்க” என்றார்.

ஆமாம், என் பெயரை. நான் நின்றுவிட்டேன். எப்படித் தெரியும் என்று கேட்டேன்.

“நீங்க வந்த மொத நாளே உங்க டிபன் பாக்ஸ் மூடில பார்த்தேனுங்க. வெட்டியிருந்துதே.”

மனத்தில் எழுதி வைத்த வரிகளை விட்டுவிட்டேன். எண்ணை மாற்றியதையும், சீட்டு என்னிடமே தங்கிவிட்டதையும், கோட்டை எடுத்ததையும் ஒன்றன்பின் ஒன்றாகச் சொன்னேன். முதலாளி பாராட்டியபோது தலையாட்டியதையும் சொன்னேன். அவர் கடைசி வரை கேட்டார். கோடு விஷயம் வந்ததும் லேசாகச் சிரித்தார்.

“அப்ப மிசினு சாகலீங்க.”

“இல்லைங்க.”

“அது போதுமுங்க. ராத்திரி பூரா அதேதான் யோசன. எங்க உட்டேன், எங்க உட்டேன்னு.”

நாளைக்கே முதலாளியிடம் எல்லாவற்றையும் சொல்கிறேன், நீங்கள் திரும்பி வந்துவிடுங்கள் என்றேன். உள்ளே அவர் மனைவி பாத்திரம் வைக்கும் ஓசை கேட்டது.

“நேத்துச் சாயந்திரம் மச்சானுக்கு வாக்குக் குடுத்துட்டேனுங்க. உடுமலைல எஸ்.டி.டி. பூத்து போடறான். கூட நிக்கறேன்னு சொல்லிட்டேன்.”

சனிக்கிழமை பன்னிரண்டு மணிக்கும் மாலைக்கும் நடுவே எத்தனை மணி நேரம் என்று நான் எண்ணிப் பார்த்தேன். அவரும் எண்ணியிருப்பார். சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்றார்கள். சாப்பிட்டேன். புறப்படும்போது, “அந்தப் புது நம்பருக்கு ஒரு பேரு எழுதி வெச்சிருங்க. இல்லீன்னா அடுத்து வர்றவரும் மிசினு செத்துப்போச்சுன்னு சொல்லிருவாரு” என்றார்.

திங்கட்கிழமை காலை முதலாளியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் கத்தவில்லை. மேசைமேல் இருந்த துணிச் சாம்பிளை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார்.

“அன்னிக்குப் பன்னண்டு மணிக்கே சொல்லியிருந்தா, சாயந்திரத்துக்குள்ள ஆள உட்டாவது அந்த மனுசனப் புடிச்சிருக்கலாமில்லீங்க அம்முணி.”

அவரே ஆள் அனுப்பிக் கூப்பிட்டும் பார்த்தார். வாக்குக் கொடுத்தாயிற்று, மன்னிக்க வேண்டும் என்று பணிவாகப் பதில் வந்தது. கோவையிலிருந்து வேறு ஆளும் வரவில்லை. இரண்டு தளமும் என் பொறுப்பாயிற்று. பதினெட்டுப் படிகளையும் நான் ஒருத்தியே ஏறி இறங்கினேன். கைப்பிடியில் இருந்த கிளிப்பை எடுக்க மனம் வரவில்லை.

எண்ணிலிருந்து பெயர் காணும் அந்தப் பட்டியலைத் திறந்தேன். அவர் கம்பி சுற்றுவதுபோலவே வரிகள் ஒழுங்காக இருந்தன. என் கணினியின் எண்ணுக்கு நேரே என் பெயர், என் டிபன் பாக்ஸில் உள்ள அதே எழுத்துகளில். ஏழு மாதமாக அது அங்கே இருந்திருக்கிறது. நான் அந்தக் கோப்பைத் திறந்து பார்த்ததே இல்லை. கடைசியில் ஒரு புது வரி சேர்த்தேன். மேல்மாடிக் கணினியின் புது எண். அதற்கு நேரே அவர் பெயர்.

பிறகு என்எஸ்லுக்கப்பை இயக்கினேன். இந்த முறை அது நிற்கவில்லை. எந்தப் பெயரைத் தேடச் சொன்னாலும், பதிலுக்கு முன்பாக, பதில் சொல்பவர் யார் என்று முதல் வரியில் காட்டுவது அதன் வழக்கம். அங்கே அவர் பெயர் வந்து நின்றது. அந்த நிறுவனத்தில் மேலும் ஒரு வருடம் இருந்தேன். ஜெர்மனியோ ஜப்பானோ, எந்த ஊரைத் தேடினாலும் முதலில் அவரைப் பார்த்துவிட்டுத்தான் மற்றவர்களைப் பார்த்தேன்.

பின்னாளில் வந்த பதிப்புகளில் அந்தக் கருவியின் பிடிவாதத்தை எடுத்துவிட்டார்கள். இப்போதெல்லாம் அது யாரென்று தெரியாதவரிடமும் கேட்டுவிடுகிறது. என்னால் அது முடியவில்லை: எந்த ஊருக்கு வேலைக்குப் போனாலும், காவலாளியோ அதிகாரியோ, பெயரைக் கேட்டு மனத்தில் எழுதிக்கொண்ட பிறகுதான் எனக்கு அடுத்த கேள்வி வாயில் வருகிறது.